நாயோடு தங்க ஒரு காட்டேஜ்: வென்ஸ்லிடேல் பக்கம் போய் வந்தவர்கள் வழி சொல்லுங்கள்

நெய்தல் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். மே மாதம் இரண்டாம் வாரத்தில் வடக்கு இங்கிலாந்தின் யோர்க்ஷயர் டேல்ஸ் பகுதியில், வென்ஸ்லிடேல் பள்ளத்தாக்கில் உள்ள ஹாஸ் என்ற சிறிய சந்தை ஊருக்கு அருகே ஒரு வாரம் தங்குவதற்காக, நாயை அனுமதிக்கும் காட்டேஜ் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறோம். நானும் கணவரும், 72 வயதான என் அம்மாவும், எங்கள் நாய் மணியும் போகிறோம். மணிக்கு நான்கு வயது இருக்கலாம் என்று காப்பகத்தில் சொன்னார்கள். அவனை வீட்டுக்கு அழைத்து வந்து எட்டு மாதங்கள்தான் ஆகின்றன. கிழக்கு லண்டன் பூங்காக்களில் அணிலைத் துரத்தியிருக்கிறானே தவிர, ஓர் ஆட்டை அவன் இதுவரை நேரில் கண்டதில்லை.

முன்பதிவுத் தளங்களில் "நாய்களுக்கு அனுமதி உண்டு" என்று போட்டிருக்கும் வீடுகளுக்குக் குறைவில்லை. உள்ளே போய் நிபந்தனைகளைப் படிக்கும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. ஒரு வீட்டில் நாய் மாடி ஏறக்கூடாது; இன்னொன்றில் ஒரு நிமிடமும் தனியே விடக்கூடாது; மூன்றாவது வீட்டில் தோட்டம் "அடைக்கப்பட்டது" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். மணி இரவில் எங்கள் அறையில்தான் படுப்பான். கதவைச் சாத்தினால் விடிய விடிய அழுவான். அம்மாவோ காலையில் விளக்கேற்றிக் கும்பிடும் அறைக்குள் அவன் நுழையக்கூடாது என்பதில் உறுதியாக இருப்பவர். அவனுக்குத் தன் கையால் சோறு பிசைந்து வைப்பவரும் அவர்தான் என்பதையும் சொல்ல வேண்டும். நாயோடு இப்படித் தங்கிப் பழகியவர்கள், பணம் கட்டுவதற்கு முன் எதையெல்லாம் கேட்டுக்கொள்வீர்கள் என்று சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

நடைவிரும்பி

நெய்தல், பதினொரு ஆண்டுகளாக இரண்டு ஸ்பேனியல் நாய்களோடு வடக்கு இங்கிலாந்தின் பல ஊர்களில் தங்கியிருக்கிறோம். "அனுமதி உண்டு" என்றால் வீட்டுக்காரர் நாயைத் திருப்பி அனுப்பமாட்டார் என்பது மட்டுமே உறுதி. அந்த வீடு உங்கள் மணிக்கு ஏற்றதா என்பதை நீங்கள்தான் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். முதலில் கேட்க வேண்டியது தோட்டத்தைப் பற்றி.

டேல்ஸில் தோட்டச் சுவர் பெரும்பாலும் சாந்து இல்லாமல் கல்லின்மேல் கல்லை அடுக்கிக் கட்டிய பழைய சுவராக இருக்கும். பார்வைக்கு உறுதியாகத்தான் தெரியும். ஆனால் உட்பக்கம் மண் மேடாக இருந்துவிட்டால், வெளியே நாலரை அடி உயரம் காட்டும் சுவர் உள்ளே நிற்கும் நாய்க்கு இரண்டரை அடிதான். துருத்திக்கொண்டிருக்கும் கற்கள் அதற்குப் படிக்கட்டாகவும் ஆகிவிடும். ஆகவே சுவர் உண்டா என்று கேட்டு நிறுத்தாமல், உட்பக்கத்தில் மிகத் தாழ்வான இடம் எவ்வளவு உயரம், வாயிற்கதவுக்கு அடியில் எத்தனை விரல் இடைவெளி, சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியைப் பெரும்பாலானோர் கேட்பதில்லை, ஆனால் எனக்கு அதுதான் முதன்மையானது. மேட்டு நிலப் பண்ணைகளில் ஏப்ரல்தான் ஆடுகள் குட்டி ஈனும் மாதம். நீங்கள் போகும் நாட்களில் சுவருக்கு அப்பால் மேய்ச்சல் நிலம் இருந்தால், அங்கே தாய் ஆடுகளும் சில வாரக் குட்டிகளும் நின்றுகொண்டிருக்கும்.

மாடி விஷயத்தில், வீட்டுக்காரரிடம் விலக்குக் கேட்டு மன்றாடுவதைவிட, கீழ்த்தளத்தில் படுக்கையறை உள்ள வீட்டைத் தேடுவது நல்லது. பழைய பண்ணைக் களஞ்சியங்களை வீடாக மாற்றியவற்றில் ஒரே தளத்தில் எல்லா அறைகளும் அமைந்தவை உண்டு. பழைய காட்டேஜ்களின் படிக்கட்டு ஏணிபோலச் செங்குத்தாக இருக்கும் என்பதால் அம்மாவுக்கும் அதுவே ஏற்றது.

ஹாஸில் செவ்வாய்க்கிழமை சந்தை. 1699-இல் சாசனம் பெற்ற சந்தை இன்றும் நடக்கிறது. அன்று குறுகலான பெரிய தெருவில் கடைகள், சுற்றுலாப் பேருந்துகள், மோட்டார் சைக்கிள்கள், ஆடுகளை ஏற்றிய இழுவண்டிகள் எல்லாம் ஒன்றாகச் சேரும். காப்பகத்திலிருந்து வந்த நாய்க்கு அது அதிகம். போவதென்றால் ஒன்பது மணிக்கு முன்பே போய்விட்டுத் திரும்பிவிடுங்கள்.

தும்பை

நானும் என் கணவரும் ஷ்ரொப்ஷயரில், லட்லோவுக்கு அருகில், ஒரு சிறிய விடுமுறை வீட்டை நடத்துகிறோம். நாய்களையும் ஏற்றுக்கொள்கிறோம். வீட்டுக்காரர் பக்கத்து நிலையையும் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நிபந்தனைகளைப் படிக்கும் விருந்தினர்கள் எங்களை நாயை வெறுப்பவர்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

எங்கள் வீட்டில் பழைய விருந்தினர் காலை 10 மணிக்குக் காலி செய்வார். புதியவர் மாலை 4 மணிக்கு வருவார். நடுவில் இருக்கும் ஆறு மணி நேரத்தில் முழு வீட்டையும் கழுவித் துடைத்து, படுக்கைகளை மாற்ற வேண்டும். அடுத்து வரும் குடும்பத்தில் நாய் முடி பட்டால் மூச்சு இரைக்கும் குழந்தை இருக்கலாம். தரையிலும் சோபாவிலும் இருக்கும் முடியை நீக்கிவிடலாம். மாடி அறைகளின் தடித்த கம்பளத்துக்குள்ளும் மெத்தைக்குள்ளும் புகுந்த முடியை அந்த நேரத்துக்குள் எடுக்க எங்களால் முடிவதில்லை. மாடிக்கு விடாதீர்கள் என்று சொல்வதற்கு இதைத் தவிர வேறு காரணம் இல்லை.

இன்னொன்று. எத்தனை நாய், எவ்வளவு பெரியது, காப்பகத்திலிருந்து வந்ததா, இரவில் அழுமா என்பதை முன்கூட்டியே மறைக்காமல் சொல்லுங்கள். ஒரு முறை ஒரு நாய் என்று பதிவு செய்தவர்கள் மூன்றோடு வந்து இறங்கினார்கள். நாய்கள் மூன்றும் தங்கமானவை. ஆனால் பக்கத்து வயலில் சினை ஆடுகளை விட்டிருந்த விவசாயிக்கு நாங்கள் கொடுத்திருந்த வாக்கு பொய்த்துப்போனது. உண்மையைச் சொன்னவர்களுக்கு நான் மறுத்ததைவிட உதவியதே அதிகம். படிக்கட்டின் அடியில் பூட்டும் சிறு தடுப்புக் கதவு, பழைய போர்வைகள், சேறு துடைக்கத் தனித் துவாலைகள் என்று எல்லாமே எங்களிடம் இருக்கின்றன. கேட்டால் எடுத்து வைப்போம். கேட்காதவர்கள் எங்கள் வெள்ளைத் துவாலையால் நாயின் காலைத் துடைத்துவிடுகிறார்கள்.

கிழக்குவெளி

எல்லோரும் நாயை மையமாக வைத்தே பயணத்தைத் திட்டமிடுவது எனக்குச் சற்று மிகையாகத் தெரிகிறது. ஒரு வாரம்தானே, நாய் விடுதியில் விட்டுச் செல்லலாமே. அழைத்துப் போயே தீர வேண்டும் என்றால், வானொலியைச் சிறிய ஒலியில் போட்டுவிட்டு இரண்டு மணி நேரம் வீட்டில் விட்டுவிட்டு அம்மாவோடு நிம்மதியாகச் சாப்பிடப் போகலாம். நாங்கள் எங்கள் லேப்ரடாரை அப்படித்தான் விட்டுவிட்டுச் செல்வோம்.

தும்பை

கிழக்குவெளி அண்ணா, உங்கள் லேப்ரடார் பல ஆண்டுகள் உங்களோடு வளர்ந்தது. நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று அதற்குத் தெரியும். எட்டு மாதங்களுக்கு முன் வந்த நாய்க்கு, அறியாத வாசனையுள்ள அறியாத வீட்டில், முதல் நாளே தன் மனிதர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டால், தன்னை மறுபடியும் கைவிட்டுவிட்டார்கள் என்றுதான் தோன்றும். எங்கள் வீட்டின் பின்கதவில் அடியிலிருந்து முழங்கால் உயரம்வரை நகக்கீறல்கள் இருக்கின்றன. இழைத்து வண்ணம் பூசியும், வெயில் சாய்வாக விழும் நேரத்தில் அவை தெரிகின்றன. அந்த மரத்துக்காக நான் வருந்தவில்லை. உள்ளே நின்றுகொண்டு அதைச் சுரண்டிய உயிரை நினைத்தால்தான் இன்றும் மனம் கனக்கிறது.

அருகில் உள்ள பப்புகள் பலவற்றில் நாயை உள்ளே அனுமதிப்பார்கள். முன்பே தொலைபேசியில் பேசி, வாயிலிலிருந்து தள்ளியிருக்கும் மூலை மேசையைக் கேட்டுக்கொண்டு, மூவருமாக நாயோடு போய் வரலாம்.

கிழக்குவெளி

கதவைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். புதிதாக வந்த நாய்க்கு என் யோசனை பொருந்தாது என்பதை ஏற்கிறேன்.

கார்த்திகைப்பூ

கால்நடை மருத்துவமனையில் செவிலியராக வேலை செய்கிறேன். இந்த இழையில் உடல்நலம் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன்.

மே மாதம் உண்ணிகள் உயிர்ப்போடு இருக்கும் காலம். பெரணிப் புதர்களிலும் உயரமான புல்லிலும் அவை காத்திருக்கும். கிளம்புவதற்கு முன் உங்கள் மருத்துவரிடம் உண்ணி மருந்து பற்றிக் கேளுங்கள். தோலில் ஊற்றும் வகை மருந்தாக இருந்தால், அதன்பின் எத்தனை நாள் தண்ணீரில் இறங்கவிடக்கூடாது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த மருந்து ஓடையில் கரைந்தால் நீர்ப்பூச்சிகளைக் கொல்லும். தினமும் மாலையில் காதுமடல், கழுத்துப்பட்டைக்குக் கீழ், அக்குள், விரல் இடுக்கு எல்லாவற்றையும் விரலால் தடவிப் பாருங்கள். உண்ணி கையில் தட்டுப்பட்டால் அதற்கென விற்கும் சிறு கொக்கியால் தோலை ஒட்டிப் பிடித்துத் திருகி எடுக்க வேண்டும். எண்ணெய் தடவுவதும் நெருப்பால் சுடுவதும் ஆபத்து. உண்ணிக் கடியால் பரவும் லைம் நோய் மனிதர்களுக்கும் வரும் என்பதால் உங்கள் கால்களையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாயின் மலத்தை எடுத்துப் பையில் கட்டிக் கொண்டுபோய்த் தொட்டியில் போடுவது ஊருக்குள் மட்டும் செய்ய வேண்டிய ஒன்று என்று பலர் எண்ணுகிறார்கள். மேய்ச்சல் நிலத்தில்தான் அது கூடுதல் முக்கியம். நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணி நாயின் மலத்தின் வழியாகப் புல்லுக்கும், புல்லிலிருந்து பசுவுக்கும் போகிறது. கரு சிதைந்தால் நம் ஊரில் கன்று வீசிவிட்டது என்று சொல்வோமே, அந்த நிலைக்குப் பசுவைக் கொண்டுவந்துவிடும். தொற்றிய பசுவுக்குச் சிகிச்சை இல்லை. தன் பட்டியில் ஒரு பசு கன்று வீசினால் அந்தக் குடும்பத்துக்கு என்ன ஆகும் என்பதை நம்மில் மாடு வளர்த்த வீட்டிலிருந்து வந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இங்கிலாந்தில் 2016 ஏப்ரல் முதல் நாய்க்கு மைக்ரோசிப் கட்டாயம். மணிக்குக் காப்பகத்திலேயே பொருத்தியிருப்பார்கள். பதிவில் இருக்கும் தொலைபேசி எண் உங்களுடையதுதானா என்று இன்றே பாருங்கள். கழுத்துப்பட்டையில் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது 1992-ஆம் ஆண்டு ஆணை. டேல்ஸின் பல பள்ளத்தாக்குகளில் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்காது. எனவே அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் காட்டேஜின் முகவரியையும் அங்குள்ள தொலைபேசி எண்ணையும் எழுதிய இன்னொரு வில்லையையும் கோத்துவிடுங்கள்.

ஒற்றைப்பனை

இதை எழுதலாமா என்று இரண்டு நாட்களாக யோசித்தேன். நெய்தலின் நாய் ஆட்டைப் பார்த்ததில்லை என்று படித்ததால் எழுதுகிறேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், ஏப்ரல் கடைசியில், கம்பிரியாவில் ஒரு சந்தை ஊருக்கு வெளியே தங்கியிருந்தோம். எங்கள் நாயைத் தானாக நீண்டு சுருங்கும் வகைக் கயிற்றில் கட்டியிருந்தேன். கையில் பிடிப்பதற்குக் கனமான பிளாஸ்டிக் பிடி இருக்குமே, அந்த வகை. நடைபாதை ஒரு மேய்ச்சல் நிலத்தின் குறுக்கே போனது. ஒரு குட்டி எழுந்து துள்ளியது. நாய் பாய்ந்த வேகத்தில் பிடி என் கையை விட்டு நழுவிவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. அந்தப் பிளாஸ்டிக் பிடி தரையில் மோதித் தடதடவென்று நாயின் பின்னாலேயே துள்ளிக்கொண்டு போனது. தன்னை ஏதோ துரத்துகிறது என்று பயந்து நாய் இன்னும் வேகமாக ஓடியது. ஆடுகள் அதைப் பார்த்து ஓடின. நாற்பது ஆடுகளாவது இருக்கும். எல்லாமே மூலைச் சுவரில் போய் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நெரிந்து நின்றன, குட்டிகள் அடியில். கயிறு ஒரு கல்லில் சிக்கிக்கொண்டதால்தான் நாய் நின்றது. அது ஓர் ஆட்டையும் தொடவில்லை.

விவசாயி நான்கு சக்கர மோட்டார் வண்டியில் வந்தார். திட்டுவார் என்று நின்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. நெரிசலிலிருந்து ஒவ்வொரு குட்டியாக எடுத்து நிறுத்தி, அது நடக்கிறதா என்று பார்த்து, அதன் தாய் வந்து மோந்து ஏற்றுக்கொள்ளும்வரை காத்திருந்தார். அரை மணி நேரம் ஆனது. பிறகு, இன்னும் ஈனாத ஐந்து ஆடுகள் அந்தக் கூட்டத்தில் இருந்ததாகவும், ஓடிய அதிர்ச்சியில் அவை குட்டியை இழக்கக்கூடும் என்றும், இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும் என்றும் சொன்னார். அந்த இரண்டு நாளும் நாங்கள் எங்கும் போகவில்லை. மூன்றாம் நாள் காலை அவரே காட்டேஜ் வாசலுக்கு வந்து, ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மனிதர் அதைச் சொல்வதற்காக அவ்வளவு தூரம் வந்ததை என்னால் மறக்க முடியாது.

நெய்தல், நீளும் கயிற்றை லண்டனிலேயே விட்டுவிட்டு, இரண்டு மீட்டருக்கு மிகாத சாதாரணக் கயிறும் மார்புப் பட்டையும் கொண்டுபோங்கள்.

நெய்தல்

ஒற்றைப்பனை அண்ணா, எழுதியதற்கு நன்றி. எங்களிடம் இருப்பதும் அந்த நீளும் கயிறுதான், நாளையே மாற்றிவிடுகிறேன். சட்டப்படி எங்கெல்லாம் கயிற்றில் வைத்திருக்க வேண்டும் என்பதை யாராவது தெளிவாகச் சொல்ல முடியுமா?

நடைவிரும்பி

இங்கிலாந்துச் சட்டத்தில் இரண்டு வகை நிலத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பொதுமக்கள் நடக்கத் திறந்துவிட்ட மலை, மேட்டுப் புல்வெளி ஆகியவற்றில், மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை இரண்டு மீட்டருக்கு மிகாத கயிற்றில் வைத்திருப்பது கட்டாயம். கால்நடை அருகில் இருந்தால் ஆண்டு முழுவதும் கட்டாயம். தரையில் கூடு கட்டும் பறவைகளுக்காகவும்தான் அந்த மாதங்களைக் குறித்திருக்கிறார்கள். சில மேட்டு நிலங்களில் நாயே கூடாது என்று பலகை வைத்திருப்பார்கள். அங்கும் பொது நடைபாதை இருந்தால் அதன் வழியே நாயோடு போகலாம்.

பொது நடைபாதையில் எல்லா இடத்திலும் கயிறு கட்டாயம் என்று சட்டம் இல்லை. ஆனால் செம்மறி ஆடுகள் உள்ள வயலில் நாய் கயிறும் இல்லாமல், நெருங்கிய கட்டுப்பாட்டிலும் இல்லாமல் திரிவதையே 1953-ஆம் ஆண்டுச் சட்டம் ஆடுகளைத் துன்புறுத்துவதாகக் கொள்கிறது. கடித்திருக்க வேண்டும் என்பதில்லை. தன் மந்தையைக் காக்க வேறு வழியே இல்லாத நிலையில் விவசாயி நாயைச் சுட்டால், 48 மணி நேரத்துக்குள் காவல்துறைக்குத் தெரிவித்துவிட்டால், 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவருக்குப் பாதுகாப்பும் உண்டு.

மாடுகள் விஷயத்தில் மட்டும் முறை தலைகீழ். கன்றோடு நிற்கும் பசுக்களிடமிருந்து விலகிச் சுற்றிப் போங்கள். மீறி அவை துரத்தி வந்தால் கயிற்றை விட்டுவிடுங்கள். அவை துரத்துவது பெரும்பாலும் நாயைத்தான். நாய் ஓடித் தப்பிவிடும்; அதைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் மனிதர்தான் மிதிபடுவார்.

நெய்தல்

போய் வந்துவிட்டோம். உதவிய எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

ஹாஸிலிருந்து இரண்டு மைல் தள்ளி, களஞ்சியத்தை மாற்றிக் கட்டிய ஒரே தள வீடு கிடைத்தது. நடைவிரும்பி சொன்ன மூன்று கேள்விகளையும் தொலைபேசியில் கேட்டேன். வீட்டுக்காரர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இருங்கள், நான் போய் அளந்து பார்க்கிறேன் என்றார். மறுநாள் அழைத்து, சுவர் உட்பக்கம் நாலடி இருப்பதாகவும், கதவுக்கு அடியில் ஆறு அங்குலம் இருப்பதாகவும், அந்தப் பக்கம் ஆடுகள் மேய்வதாகவும் சொன்னார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கதவின் அடியில் ஒரு பலகையைச் சாய்த்து, இரண்டு கற்களை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்.

முதல் நாள் மாலை மணி அந்தக் கதவின் கம்பிகளுக்கு நடுவே மூக்கை வைத்துக்கொண்டு இருபது நிமிடம் ஆடுகளைப் பார்த்தபடியே நின்றான். பின்னங்கால்கள் நடுங்கின. ஒரு குரைப்பும் இல்லை. அந்த மௌனம்தான் எனக்குப் பயமாக இருந்தது. புதிய கயிற்றில், தூரத்து வரப்பிலிருந்து தொடங்கி, அவன் ஆட்டைப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு இறைச்சி கொடுத்தோம். வியாழக்கிழமைக்குள் பார்வை மட்டும் போய்வந்தது; உடல் இழுக்கவில்லை. அதற்காக அவனை அவிழ்த்துவிடும் எண்ணம் எங்களுக்கு ஒருபோதும் இல்லை.

செவ்வாய்க்கிழமைச் சந்தைக்கு எட்டரை மணிக்கே போனோம். பத்து மணிக்குக் கூட்டம் சேரத் தொடங்கியதும் மணி என் கால்களுக்கு நடுவில் புகுந்துகொண்டான். அம்மாவையும் கணவரையும் பாலாடைக்கட்டி வாங்க விட்டுவிட்டு, நான் அவனோடு ஊருக்குள் ஓடும் ஓடைக்கரையில் மேலே நடந்து, தண்ணீர்ச் சத்தம் வண்டிச் சத்தத்தை மூடும் ஓரிடத்தில் உட்கார்ந்தேன். அங்கேதான் அவன் அந்தப் பயணத்தில் முதல்முறையாக வெட்டவெளியில் கால் நீட்டிப் படுத்தான்.

மலைப்பாதையில் ஒரு நாள் இரண்டு பறவைகள் எங்கள் தலைக்கு மேல் கத்திக்கொண்டே வட்டமிட்டன. நம் ஊர் ஆள்காட்டியின் உறவினம் என்று கணவர் அடையாளம் கண்டார். அருகில் குஞ்சுகள் இருக்க வேண்டும் என்று புரிந்துகொண்டு வந்த வழியே திரும்பிவிட்டோம். அன்று மாலை காதுமடலில் ஓர் உண்ணி. கார்த்திகைப்பூ அக்கா சொன்னபடியே எடுத்தேன்.

அம்மாவின் அறையைப் பற்றி முதலில் எழுதியிருந்தேன். காலையில் அவர் விளக்கேற்றும் நேரத்தில் மணி எழுந்து போய், நிலைப்படிக்கு வெளியே படுத்து, மோவாயை மட்டும் படியின்மேல் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பான். அம்மா கதவைச் சாத்தவில்லை. நான்காம் நாள் திருநீறு பூசியபடி வெளியே வந்தவர், குனிந்து அவன் நெற்றியிலும் ஒரு கீற்று இட்டார்.

கடைசி நாள் காலை சோபா விரிப்பை வெளியே உதறி மடித்து, தரையை இரண்டு முறை கூட்டி, பத்து மணிக்குக் கால் மணி முன்பே சாவியை வைத்துவிட்டோம்; தும்பை அக்கா, அதைச் செய்யும்போது உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன். அடுத்த ஆண்டு மே மாதத்துக்கும் அதே வீட்டைக் கேட்டு எழுதியிருந்தேன். வீட்டைத் தந்துவிட்டார், கதவடிப் பலகையை ஆணியடித்து நிரந்தரமாக்கிவிட்டதாகவும் பதிலில் எழுதியிருக்கிறார்.